மனிதனைப் போல் ஆடுமா எந்திரம்?

சதுரங்கம் கற்க விரும்பும் மாணவனுக்கு மூன்று பொருள்கள் வேண்டும்: பலகை, காய்கள், எதிராளி. முதல் இரண்டும் கடையில் கிடைக்கும். மூன்றாவது கிடைக்காது. திண்டுக்கல் நகரத்திலேயே தன் தரத்துக்கு ஒத்த ஆட்டக்காரர் ஒரு பள்ளியில் ஒருவரோ இருவரோதான் இருப்பர். வேடசந்தூர், நிலக்கோட்டை, சாணார்பட்டி போன்ற சமவெளி ஊர்களில் பள்ளிப் போட்டியில் முதற்பரிசு பெற்ற மாணவனுக்கு மறுநாளே ஆள் தட்டுப்பாடு தொடங்கிவிடும். அப்பாவோடு ஆடினால் பத்து நிமிடத்தில் ஆட்டம் முடிந்துவிடுகிறது. தங்கைக்கோ பொறுமை இல்லை. சென்னைப் பயிற்சிக் கூடங்களோ 400 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கின்றன.

இந்தக் குறையைத் தீர்ப்பதாகச் சொல்லிக்கொண்டுதான் மின்னணுச் சதுரங்கப் பலகைகள் விற்பனைக்கு வருகின்றன. 'மனிதனைப் போலவே ஆடும்' என்பது அவற்றின் விளம்பரங்களில் அடிக்கடி காணும் சொற்றொடர். பல பத்தாயிரம் ரூபாய் விலையுள்ள பலகைகளும் உண்டு. எனவே அந்தச் சொற்றொடரை உரைகல்லில் உரைத்துப் பார்ப்பது நம் கடமையாகிறது. மனிதனைப் போல் ஆடுவது என்றால் என்ன? அதை அளப்பது எப்படி? இன்றுள்ள எந்திரங்களில் எது அந்த அளவுகோலுக்கு அருகில் வருகிறது?

பலகைக்குக் கண் உண்டா?

முதலில் பலகையைப் பார்ப்போம். எளிய வகைப் பலகையில் ஒவ்வொரு காயின் அடியிலும் ஒரு சிறு காந்தம் இருக்கும். ஒவ்வொரு கட்டத்தின் கீழும், காந்தம் அருகே வந்தால் தானே மூடிக்கொள்ளும் ஒரு ஸ்விட்ச் இருக்கும். அந்தக் கட்டத்தில் ஏதோ ஒரு காய் இருக்கிறதா, இல்லையா என்பது மட்டுமே பலகைக்குத் தெரியும். அது குதிரையா யானையா என்று தெரியாது. ஆனால் ஆட்டத் தொடக்கத்தில் எந்தக் காய் எங்கே நிற்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. அங்கிருந்து ஒவ்வொரு நகர்வையும் எண்ணிக்கொண்டே வந்தால் காயின் பெயரைக் கணித்துவிடலாம். நடுவில் யாராவது கையால் தட்டிக் காய்களைச் சாய்த்துவிட்டால் கணக்கு குழம்பிவிடும்.

உயர்ந்த வகைப் பலகை வேறு முறையில் இயங்குகிறது. நெதர்லாந்து நாட்டின் டிஜிடி பலகையில் ஒவ்வொரு காயின் உள்ளேயும் ஒரு கம்பிச் சுருளும் மின்தேக்கியும் உள்ளன. இவ்விரண்டும் சேர்ந்தால் ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணுக்கு மட்டும் ஒத்ததிரும். வானொலிப் பெட்டியின் குமிழைத் திருப்பி ஒரு நிலையத்தைப் பிடிப்பதும் இதே தத்துவம்தான். காய்களில் ஆறு வகை, இரண்டு நிறம், ஆகப் பன்னிரண்டு. பலகை ஒவ்வொரு கட்டமாகச் சென்று, 'இங்கே எந்த நிலையம் கேட்கிறது?' என்று சோதித்துக் காயை அடையாளம் காண்கிறது. 2022 ஜூலை 28 முதல் ஆகஸ்ட் 10 வரை மாமல்லபுரத்தில் நடந்த 44-ஆவது சதுரங்க ஒலிம்பியாடின் ஆட்டங்களை உலகெங்கும் உள்ளோர் அந்தந்த நொடியிலேயே காண முடிந்தது மின்னணுப் பலகைகளால்தான்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். பலகை வெறும் கண்ணும் கையும்தான். மூளை வேறிடத்தில், அதாவது கைபேசியிலோ கணிப்பொறியிலோ இயங்கும் மென்பொருளில் இருக்கிறது. பலகை எவ்வளவு அழகாயிருந்தாலும் அதன் பின்னால் இருக்கும் எதிராளியின் தரத்தை அது மாற்றிவிடாது. ஆகவே நம் விமர்சனமும் மென்பொருளைப் பற்றியதே.

ஒரு லட்சத்தில் ஒன்று

ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த இயற்பியல் பேராசிரியர் ஆர்பாட் ஈலோ வகுத்த புள்ளிமுறையைச் சதுரங்க மாணவர் அறிவர். இருவருக்கிடையே 400 புள்ளி வேறுபாடு இருந்தால், கீழே உள்ளவர் பதினோரு ஆட்டங்களில் ஒரு புள்ளி அளவே எதிர்பார்க்கலாம். வேறுபாடு ஒவ்வொரு 400 கூடும்போதும், வெற்றி தோல்விகளின் விகிதம் பத்து மடங்கு மோசமாகும். இன்றைய வலிமைமிக்க எந்திரங்களின் புள்ளி 3500-ஐ ஒட்டியது என்று வைத்துக்கொள்வோம். எந்திரங்களின் பட்டியலும் மனிதரின் பட்டியலும் தனித்தனியே கணக்கிடப்படுவதால் இந்த ஒப்பீடு துல்லியமானதன்று. ஆனாலும் 1500 புள்ளி மாணவன் அதனோடு ஆடினால் கணக்கு என்ன சொல்கிறது? 2000 புள்ளி வேறுபாடு. அதாவது ஒன்றைப் பத்தால் ஐந்து முறை பெருக்க வேண்டும். ஏறக்குறைய ஒரு லட்சம் ஆட்டங்களில் ஒரு புள்ளி! நாளுக்கு நான்கு ஆட்டம் ஆடினாலும் இதற்கு அறுபத்தெட்டு ஆண்டுகள் ஆகும்.

ஆகவே எந்திரத்தை எப்படியாவது வலுக்குறைத்தாக வேண்டும். சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. வலுக்குறைந்த எந்திரமும் மனிதனைப் போன்ற எந்திரமும் ஒன்றல்ல.

டூரிங் தந்த அளவுகோல்

இதற்கான அளவுகோலை 1950-ஆம் ஆண்டிலேயே ஆங்கிலக் கணித அறிஞர் ஆலன் டூரிங் நம் கையில் கொடுத்துவிட்டார். எந்திரம் சிந்திக்குமா என்று ஆராயும் அவருடைய புகழ்பெற்ற கட்டுரையில், மனிதனாக நடிக்கும் எந்திரத்தோடு ஓர் உரையாடல் வருகிறது. 34957, 70764 என்ற இரு எண்களைக் கூட்டச் சொல்கிறார்கள். எந்திரம் முப்பது நொடி தாமதித்து, 105621 என்று விடையளிக்கிறது.

மாணவ நண்பர்கள் தாளில் கூட்டிப் பார்க்கலாம். சரியான விடை 105721. நூறுகள் இடத்தில் ஒன்று குறைகிறது. பத்துகள் இடத்திலிருந்து மிகுந்து வந்த ஒன்றைச் சேர்க்க மறந்தால் இப்படித்தான் ஆகும். நாம் ஒவ்வொருவரும் பள்ளியில் செய்த பிழையே இது. டூரிங் அந்த விடையில் 105721-க்குப் பதில் கண்டபடி ஓர் எண்ணை வைக்கவில்லை. மனிதன் எங்கே வழுக்குவானோ அங்கே வழுக்கவிட்டார். மனிதன் எவ்வளவு நேரம் எடுப்பானோ அவ்வளவு நேரமும் எடுக்கவிட்டார். அதே உரையாடலில் ஒரு சதுரங்கக் கேள்வியும் வருகிறது. அதற்கு எந்திரம் பதினைந்து நொடி தாமதித்து விடை சொல்கிறது.

ஆகவே நம் அளவுகோல் இதுதான்: மனிதனைப் போல் ஆடும் எந்திரம் எத்தனை முறை தவறுகிறது என்று மட்டும் பார்க்கக்கூடாது, அதன் தவற்றுக்குக் காரணம் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

சதுரங்கத்தில் ஓர் எடுத்துக்காட்டு. இரு பக்கமும் ராஜா முன் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளுகின்றன. வெள்ளை தன் ராணியை ஹெச்5 கட்டத்துக்குக் கொண்டுவருகிறது. கறுப்பு, ராணிப் பக்கக் குதிரையைச் சி6-க்கு எடுத்து நடுச் சிப்பாயைக் காக்கிறது. வெள்ளை மந்திரியைச் சி4-இல் வைக்கிறது. இப்போது எஃப்7 சிப்பாயை ராணியும் மந்திரியும் சேர்ந்து குறிவைத்துவிட்டன. புதிதாகக் கற்கும் சிறுவன் என்ன செய்வான்? மற்றொரு குதிரையை எஃப்6-க்குப் பாய்ச்சுவான். அடுத்த நகர்வில் ராணி எஃப்7-ஐ வெட்ட, ஆட்டம் முடிந்தது. ஏன் அப்படி ஆடினான்? எதிரியின் ராணியை மிரட்டும் மகிழ்ச்சியில் தன் ராஜாவை மறந்தான். அந்தப் பிழைக்குள் ஒரு சிந்தனை இருக்கிறது. அதை ஆசிரியர் விளக்கலாம், மாணவன் திருத்திக்கொள்ளலாம்.

முதல் முறை: கத்தியை மழுக்குதல்

2008-இல் தொடங்கி இன்றும் இலவசமாகக் கிடைக்கும் ஸ்டாக்ஃபிஷ் மென்பொருளை எடுத்துக்கொள்வோம். அதில் 0 முதல் 20 வரை திறன் படிகள் உள்ளன. கீழ்ப்படிகளில் அது நல்ல நகர்வுகள் சிலவற்றைப் பட்டியலிட்டு, அவற்றுள் தாழ்ந்த ஒன்றைக் குலுக்கல் முறையில் வேண்டுமென்றே தேர்ந்தெடுக்கிறது. பல பலகைகளிலும் கைபேசிச் செயலிகளிலும் காணும் 'எளிது, நடுத்தரம், கடினம்' என்ற பிரிவுகளும் பெரும்பாலும் இவ்வகையைச் சேர்ந்தவையே.

இந்த எந்திரத்தோடு ஆடியவர்கள் ஒரு விசித்திரத்தைக் கண்டிருப்பர். பத்துப் பன்னிரண்டு நகர்வுகள் தேர்ந்த வித்தகரைப் போல் ஆடும். திடீரென்று ஒரு யானையைச் சும்மா கொடுத்துவிடும். பிறகு மீண்டும் பிசகாமல் ஆடும். தவறு எப்போது வரும் என்பதைச் சீட்டுக் குலுக்கல் முடிவு செய்கிறது. பலகையில் உள்ள நெருக்கடி முடிவு செய்வதில்லை. நீங்கள் ராஜாவைச் சூழ்ந்து நெருக்கினாலும் அது பதறாது. நெருக்காமல் விட்டாலும் அது காயை இழக்கும்.

இது மாணவனுக்கு இழைக்கும் தீங்கு சிறிதன்று. திட்டமிட்டு எதிராளியைச் சிக்கலில் தள்ளினால் அவர் தவறுவார் என்பது சதுரங்கத்தின் அடிப்படைப் பாடம். இந்த எந்திரமோ, 'சும்மா காத்திரு, தானே கொடுப்பேன்' என்று கற்பிக்கிறது. அந்தப் பாடத்தோடு மாவட்டப் போட்டிக்குப் போகும் மாணவன், எதிராளி எதையும் கொடுக்காததைக் கண்டு திகைத்து நிற்பான்.

இரண்டாம் முறை: குறுகிய பார்வை

வீட்டுக்கான சதுரங்க எந்திரங்கள் 1977-இல் அமெரிக்காவின் ஃபிடெலிட்டி நிறுவனம் வெளியிட்ட 'செஸ் சேலஞ்சர்' மூலம் சந்தைக்கு வந்தன. 1980-களில் ஜெர்மனியின் மியூனிக் நகர நிறுவனம் வெளியிட்ட 'மெஃபிஸ்டோ' பலகைகள் பெரும் புகழ் பெற்றன. அந்தப் பழைய ஆட்டமுறைகளைத் தேடிப்பிடித்து இன்றைய பலகைகளில் ஓட்டிப் பார்க்கும் அன்பர்கள் பலர் உண்டு. 'பழைய எந்திரமே மனிதனுக்கு நெருக்கம்' என்பது அவர்கள் கட்சி.

அந்தக் கட்சியில் ஓரளவு உண்மை இருக்கிறது. பழைய எந்திரங்களின் கணிப்பு வேகம் குறைவு. சில நகர்வுகளுக்கு மேல் அவற்றால் பார்க்க முடியாது. அந்த எல்லைக்கு அப்பால் வரும் ஆபத்து அவற்றுக்குத் தொடுவானத்துக்கு அப்பால் உள்ள கப்பலைப் போன்றது. ஹான்ஸ் பெர்லினர் என்ற அமெரிக்க ஆய்வாளர் இதற்குத் தொடுவான விளைவு என்றே பெயரிட்டார். ராணி பறிபோவது உறுதி என்று தெரிந்ததும் எந்திரம் ஒரு சிப்பாயைப் பலியிடும், பிறகு இன்னொன்றை. ஆபத்தைத் தன் பார்வை எல்லைக்கு வெளியே தள்ளிவிட்டுத் தப்பித்ததாக எண்ணிக்கொள்ளும். இன்றைய தவணையைக் கட்ட நாளை வட்டிக்கு வாங்கும் கடன்காரரின் நிலைதான்! இந்தத் தவற்றுக்குக் காரணம் இருக்கிறது. அதைக் கண்டுபிடித்து, பயன்படுத்தி, வெல்ல முடிகிறது. மழுங்கிய கத்தியைவிட இது எவ்வளவோ மேல்.

ஆனால் எல்லைக்குள் வரும் எதையும் அது தவறவிடாது. குதிரையின் இரட்டைத் தாக்குதலை ஒருபோதும் மறக்காது, களைக்காது, கண் தவறாது. மனிதனோ நேர் எதிர். தொலைவில் வரப்போகும் முடிவாட்டத்தை உணர்வான். கண்முன் உள்ள குதிரையைக் காணத் தவறுவான். 1998-இல் விசுவநாதன் ஆனந்த் 'ரெபெல்' என்ற கணிப்பொறி ஆட்டமுறையோடு மோதியபோது இந்த வேறுபாடு தெளிவாக வெளிப்பட்டது. விரைவு ஆட்டங்களில் எந்திரம் 3-1 என வென்றது. பதினைந்து நிமிட ஆட்டங்களில் ஒன்றரைக்கு அரை என்று முந்தியது. நீண்ட நேர ஆட்டங்களிலோ ஆனந்த் ஒன்றரைக்கு அரை என்று வென்றார். மொத்தத்தில் 5-3 என எந்திரத்துக்கு வெற்றி. இருவரும் ஏறக்குறைய நிகர்தான்; ஆனால் ஒரே மாதிரி அல்லர். நேரம் குறையக் குறைய மனிதனின் கண் தவறுகிறது. எந்திரத்தின் கண் தவறுவதில்லை.

இவ்வகையிலேயே, போலந்து நாட்டவர் உருவாக்கிய 'ரோடென்ட்' போன்ற மென்பொருள்கள் பலவிதக் குணங்களை ஏற்று ஆடுகின்றன. ஒன்று தாக்குதல் வெறியோடு ஆடும், மற்றொன்று பதுங்கும். சலிப்பைப் போக்க இவை நல்லவை. ஆயினும் வேடம் மாறினாலும் கணக்கிடும் முறை மாறுவதில்லை. ராஜபார்ட் வேடமிட்டவர் ராஜாவாகிவிடுவாரா?

மூன்றாம் முறை: மனிதரிடமே கற்பது

2020-இல் வந்த 'மையா' இக்கேள்வியைத் தலைகீழாகப் போட்டது. ரீட் மெக்இல்ராய்-யங், ஆஷ்டன் ஆண்டர்சன், ஜான் கிளைன்பெர்க், சித்தார்த்தா சென் ஆகியோர் கனடாவின் டொரான்டோ பல்கலைக்கழகம், அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகம், மைக்ரோசாஃப்ட் ஆய்வகம் ஆகியவற்றிலிருந்து இணைந்து இதை உருவாக்கினர். சிறந்த நகர்வு எது என்று அவர்கள் எந்திரத்தைக் கேட்கவில்லை. இந்த நிலையில் இந்தத் தரத்து மனிதர் எதை ஆடுவார் என்று கேட்டனர். லிச்செஸ் என்ற இலவச இணையதளத்தில் மக்கள் ஆடிய ஆட்டங்களே பாடநூல். 1100 புள்ளி முதல் 1900 வரை ஒன்பது படிகள். படிக்கு 1 கோடியே 20 லட்சம் ஆட்டங்கள். எந்திரம் முன்னோக்கி நகர்வுகளை எண்ணிப் பார்ப்பதே இல்லை. நிலையைப் பார்த்ததும் பழக்கத்தால் ஆடுகிறது.

சோதனையில், தான் பயின்ற தரத்துக்கு அருகிலுள்ள மனிதர் ஆடிய நகர்வை இது பாதிக்குச் சற்று மேல் சரியாக ஊகித்தது. ஸ்டாக்ஃபிஷின் ஊகம் ஏறத்தாழ 40 விழுக்காட்டோடு நின்றது. அதைவிட முக்கியமான செய்தி ஒன்றுண்டு. ஸ்டாக்ஃபிஷின் பார்வையை எவ்வளவு குறுக்கினாலும், அதன் நகர்வுகள் வலிய ஆட்டக்காரரின் நகர்வுகளோடே அதிகம் ஒத்துப்போயின. எளிய ஆட்டக்காரரோடு ஒத்துப்போகவில்லை. வலுக்குறைப்பது மனிதனாக்குவது ஆகாது என்று நாம் மேலே சொன்னதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

இனி இதன் குறைகளையும் சொல்லியாக வேண்டும். 1100 படிக்குப் பயிற்றிய மையா, அதே தளத்தில் ஆடி 1500-ஐச் சுற்றிய புள்ளி பெற்றது. ஏன்? ஒரு நிலையில் நூறு பேரில் 55 பேர் சரியான நகர்வையும், மீதி 45 பேர் ஆளுக்கொரு தவறான நகர்வையும் ஆடுவதாக வைத்துக்கொள்வோம். பெரும்பான்மையை மட்டும் பின்பற்றும் எந்திரம் அங்கே எப்போதும் சரியாகவே ஆடும். ஒவ்வொருவரின் தனித் தவறும் கூட்டத்தில் கரைந்துவிடுகிறது. திண்டுக்கல் பூட்டுத் தொழிலாளியிடம் கேட்டால் இதை ஒரே வரியில் சொல்லிவிடுவார்: ஆயிரம் சாவிகளின் சராசரியை அராவி ஒரு சாவி செய்தால் அது ஒரு பூட்டையும் திறக்காது. எல்லோரையும் போன்றவர் என்று உலகில் ஒருவரும் இல்லை.

இதற்குப் பரிகாரம் உண்டு. பெரும்பான்மை நகர்வையே எப்போதும் எடுக்காமல், நூற்றில் எத்தனை பேர் ஒரு நகர்வை ஆடுவரோ நூற்றில் அத்தனை முறை அதை ஆட விடலாம். இதுவும் குலுக்கலே, ஆனால் சீட்டுகளில் எழுதியிருப்பவை மனிதர் உண்மையில் செய்யும் தவறுகள். ஒரு தனி மனிதரின் ஆட்டத்தைக் கற்கும் ஆய்வையும் அதே குழுவினர் பின்னர் மேற்கொண்டனர்.

இன்னொரு குறை நேரம். பயிற்சியின்போது, கடிகாரத்தில் முப்பது நொடிக்கும் குறைவாக இருந்தபோது ஆடிய நகர்வுகளை ஆய்வாளர் ஒதுக்கிவிட்டனர். ஆய்வுக்கு அது சரியே. ஆனால் கடைசி நொடிகளில் கை நடுங்கும் மனிதன் அதனால் காணாமல் போனான். டூரிங் தம் எந்திரத்தை முப்பது நொடி தாமதிக்கச் செய்தார் அல்லவா? மையாவுக்கு எளிய நகர்வும் கடினமான நகர்வும் ஒன்றே. நொடியில் பதில் வரும். எதிராளி நீண்ட நேரம் யோசித்தால், 'ஏதோ சிக்கலில் இருக்கிறார்' என்று நாம் அறிகிறோம். பலகையின் எதிரே அமர்ந்து ஆடுவோருக்கு அது பெரும் செய்தி. அந்தச் செய்தி இங்கே இல்லை. முன்னோக்கி எண்ணாததால், காய்கள் குறைந்த முடிவாட்டத்தில் வெல்லும் வழி கையிலிருந்தும் அது தடுமாறக்கூடும்.

குகேஷ் கற்ற வழி

சென்னையைச் சேர்ந்த தொ. குகேஷ் 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் டிங் லிரெனை ஏழரைக்கு ஆறரை என வென்று, பதினெட்டு வயதில் உலக வாகையர் ஆனார். அவருடைய பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னா, ஏறத்தாழ 2500 புள்ளியை எட்டும் வரை எந்திரத்தைப் பயன்படுத்தாமலே அவரை வளர்த்தார் என்பது பரவலாக அறிந்த செய்தி. இதைக் கேட்டு, 'அப்படியானால் எந்திரமே வேண்டாம்' என்று சிலர் முடிவு கட்டுகின்றனர். அது சரியன்று. அங்கே விலக்கப்பட்டது விடைநூலாகப் பயன்படும் எந்திரம். நிலையைக் காட்டியதும் விடையைச் சொல்லிவிடும் எந்திரம் மாணவனைச் சிந்திக்க விடாது. எதிராளியாக அமரும் எந்திரம் வேறு.

மேலும் சென்னைச் சிறுவனுக்கு மனித எதிராளிகள் இருந்தனர். 1972-இல் இந்தியாவின் முதல் சர்வதேச மாஸ்டர் மேனுவல் ஆரோன் சென்னை சோவியத் கலாசார மையத்தில் தொடங்கிய தால் சதுரங்கக் கழகத்தில்தான் ஆனந்த் சிறுவனாக ஆடிப் பழகினார். வென்றவர் அமர்ந்திருக்க, தோற்றவர் எழுந்து அடுத்தவருக்கு இடம் விட வேண்டும் என்பது அங்கே விரைவு ஆட்டத்தின் வழக்கம். எழாமல் இருக்க வேண்டும் என்ற ஆசை கற்பித்ததை எந்த மென்பொருளும் கற்பிக்காது. இன்று நம் ஊர் மாணவன் எந்திரத்தை நாடுவது சோம்பலால் அன்று. அவனுக்கு அப்படி ஒரு கழகம் இல்லாததால்.

தீர்ப்பு

மழுங்கிய கத்தி வகையை மாணவர் விலக்குவதே நல்லது. பழைய குறும்பார்வை எந்திரங்கள் தந்திரப் பயிற்சிக்கு ஏற்றவை. மனிதனுக்கு மாற்று ஆகா. மூன்றில் மனிதனுக்கு மிக அருகில் வருவது மையாவே. அதுவும் தொடக்கத்திலும் நடுவாட்டத்திலும் மட்டும்.

எந்த எந்திரத்தையும் வாங்குமுன் வாசகர் மூன்று சோதனைகள் செய்யலாம். ஒன்று: மேலே சொன்ன எஃப்7 பொறியைப் போன்றவற்றை வையுங்கள், விழுந்தால் எப்படி விழுகிறது என்று பாருங்கள். இரண்டு: ஆட்டம் முடிந்தபின் அதன் மிகப் பெரிய தவற்றுக்கு ஒரு காரணம் சொல்ல முயலுங்கள், சொல்ல முடியவில்லை என்றால் அது குலுக்கல். மூன்று: ஒரே பொறியை ஐந்து ஆட்டங்களில் வையுங்கள். ஐந்திலும் ஒரே நகர்வில் ஒரே மாதிரி விழுந்தாலும் சரி, ஒவ்வொரு முறையும் தொடர்பே இல்லாமல் ஆடினாலும் சரி, அது மனிதன் அன்று.

பலகைக்குப் பணம் இல்லாதவர் கவலைப்பட வேண்டாம். மையாவோடு லிச்செஸ் தளத்தில் செலவின்றி ஆடலாம். கைபேசியைப் பக்கத்தில் வைத்து, சாதாரண மரப்பலகையில் இரு பக்கக் காய்களையும் உங்கள் கையாலேயே நகர்த்துங்கள். அதுவே போட்டி அறையின் பழக்கத்தைத் தரும். ஐம்பது ரூபாய்க் குறிப்பேடு ஒன்றில் நகர்வுகளை எழுதி, தோற்ற ஆட்டத்தை மறுநாள் எடுத்துப் பாருங்கள்.

வாரத்தில் ஆறு நாள் எந்திரம் எதிராளியாக இருக்கட்டும். ஏழாம் நாள் பேருந்து ஏறித் திண்டுக்கல்லுக்கு வந்து, உங்களைப் போலவே ஆள் கிடைக்காமல் தவிக்கும் இன்னொரு மாணவனைத் தேடிப் பிடியுங்கள். அவன் எங்கே தவறுவான் என்று உங்களுக்குத் தெரியாது. நீங்கள் எங்கே தவறுவீர்கள் என்று அவனுக்கும் தெரியாது.